முத்திரைக்காரரின் கை

என் தங்கை வீட்டுக்காரரை மார்க்கெட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். முத்திரைக்காரர் என்றால்தான் தெரியும். எடை அளவு அலுவலகத்தில் வேலை. ஒரு மரப்பெட்டியில் எடைக்கற்களை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். தராசில் கல்லை வைப்பார், எண்ணைப் பார்ப்பார், சரியாக இருந்தால் திருகாணியில் கம்பியைக் கோத்து அதன் மேல் ஈயத்தை நசுக்கி முத்திரை வைப்பார். அதற்குப் பிறகு அந்தத் தராசை யாரும் திறந்து கைவைக்க முடியாது. சரியாக இல்லை என்றால் அதையும் அதே முகத்தோடு சொல்வார். கடைக்காரர் கத்துவார், கெஞ்சுவார், போன வாரம் வரை நன்றாகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்வார். இவர் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்.

"உங்களுக்குக் கோபமே வராதா தம்பி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கோபப்பட்டா எடை மாறுமாக்கா?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்யாணம் கட்டி இரண்டே வருடத்தில் அதிலிருந்து தப்பித்து வந்தவள் நான். ஒரு சலவைக்கடையில் வேலை. அழுக்குத் துணியைக் கிலோ கணக்கில் நிறுத்து வாங்கி, துவைத்து, மடித்துக் கொடுப்போம். பதினோரு வருடமாகத் துணியை எடை போட்டவள் நான் என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அசிங்கப்படப் போவது நான்தான்.

முத்திரைக்காரரிடம் ஒரு வித்தை உண்டு. எதையும் கையில் வாங்கியதும் எடை சொல்லிவிடுவார். நான் உருளைக்கிழங்குப் பையை நீட்டினால், "ஆயிரத்து இருநூறு. பையோட" என்பார். என் கைப்பையைத் தூக்கி, "ரெண்டு கிலோவா? உள்ள என்ன செங்கல்லா?" என்பார். பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் வாங்கி, "ஆறு நானூறு, நல்லா பால் குடிக்கிறான்" என்று சொல்லி அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்தது எனக்குத் தெரியும். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று நர்ஸ் கொண்டுவந்து கையில் கொடுத்ததும், "ரெண்டு எழுநூறு" என்றார். சீட்டில் இரண்டு கிலோ எழுநூற்றுப் பத்து என்று இருந்தது. மனிதர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது வாரம் தெரிந்துவிட்டது. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தது. நாலு வாய் குடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடுவாள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே தோல் குழிந்தது. படம் பிடித்துப் பார்த்த டாக்டர், இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் ஓட்டை, பெரிய ஓட்டை, தானாக மூடாது என்றார். குழந்தை சாப்பிடுவதையெல்லாம் மூச்சு விடுவதற்கே செலவு செய்துவிடுகிறதாம். அதனால்தான் உடம்பு ஏறவில்லை.

"ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா இப்போ ரொம்பச் சின்ன உடம்பு. அஞ்சு கிலோ வரட்டும். ரொம்பவும் தள்ளிப் போடக்கூடாது, ஆறு மாசத்துக்குள்ள கொண்டு வாங்க. நாளாக நாளாக நுரையீரல் கெட்டுப்போகும்."

அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டில் ஐந்து கிலோவைத் தவிர வேறு பேச்சு இல்லை. நான் என் ஒற்றை அறையைப் பூட்டிவிட்டு அவர்களோடு வந்து தங்கிவிட்டேன்.

அழுதோமா என்றால், முதல் நாள் அழுதோம். இரண்டாம் நாளிலிருந்து நேரம் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டு தடவை பால். மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய் போட்டிருந்தார்கள். அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஊசியில்லாத சிரிஞ்சைப் பிடித்து, பால் தானாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வாந்தி. வாந்தி எடுத்தால் அந்த வேளைப் பால் போச்சு. காலையிலும் மாலையிலும் உடம்பில் நீர் சேராமல் இருக்க மருந்து. தங்கை இதையெல்லாம் இயந்திரம் மாதிரிச் செய்தாள். தலை சீவியிருப்பாள், முகம் கழுவியிருப்பாள், எதைக் கேட்டாலும் பதில் வரும். கண்ணில் மட்டும் ஆள் இல்லை. ஒரு நாள் அடுப்பில் கைபட்டுக் கொப்பளம் வந்துவிட்டது. மறுநாள் நான் பார்த்துக் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மரத்துப் போவது என்று சும்மா சொல்கிறோம். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

முத்திரைக்காரர் விஷயம் வேறு. அவர் குழந்தையைத் தூக்கவே இல்லை.

டாக்டர் சொன்ன அன்று மாலை ஒரு தடவை தூக்கினார். தூக்கிய கையோடு சுடுகிற பாத்திரத்தை வைப்பது போலத் தொட்டிலில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தொட்டதில்லை என்று சொல்லமாட்டேன். டயபர் மாற்றுவார், சிரிஞ்சைக் கழுவிக் காய வைப்பார், மருந்தை அரை மில்லி பிசகாமல் இழுத்துக் கொடுப்பார். தூக்கு என்றால் மட்டும், "கை ஈரமா இருக்கு", "இப்பதான் வெளியில இருந்து வந்தேன்" என்று நழுவுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன மனிதன் இவன், பிழைக்குமோ பிழைக்காதோ என்று பாசத்தை இப்போதே சுருட்டி வைத்துக்கொள்கிறானா என்று நினைத்தேன். தங்கையிடமும் சொன்னேன்.

"விடுக்கா. அவருக்கு எது முடியுதோ அதச் செய்யறாரு" என்றாள். குரலில் உப்பும் இல்லை, சப்பும் இல்லை.

அவரால் முடிந்தது தராசு. ஒரு நல்ல எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தார். ஜன்னலோரம் மேசையில் வைத்து, நான்கு காலையும் திருகித் திருகி மட்டம் பார்த்தார். அலுவலகக் கற்களை வைத்துச் சோதித்தார். தினமும் காலைப் பாலுக்கு முன்னால் குழந்தையை உடுப்பில்லாமல் ஒரு துண்டில் சுற்றி, துண்டோடு தராசில் வைத்து, எண்ணைக் காலண்டரில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் வாரமே தகராறு. துண்டின் எடையைக் கழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது அல்லவா? நான் ஒரு நாள் அமுக்கினேன், தங்கை ஒரு நாள் அமுக்க மறந்தாள், இன்னொரு நாள் இரண்டு பேரும் அமுக்கினோம். காலண்டரில் குழந்தை ஒரு நாள் ஏறியது, மறுநாள் இறங்கியது. முத்திரைக்காரர் தராசைத் திறந்து, துண்டின் தொண்ணூறு கிராமை உள்ளேயே கழித்து வைத்தார். பொத்தானை வேலை செய்யாமல் நிறுத்தினார். மூடி, திருகாணியில் கம்பி கோத்து, ஈயத்தை நசுக்கி முத்திரை வைத்துவிட்டார்.

"என்ன தம்பி, நான் என்ன மீன்கடையா வச்சிருக்கேன்? எனக்கே சீலா?" என்று எகிறினேன்.

"யாரா இருந்தாலும் கை போகும்க்கா. கை போற இடத்துல சீல் இருக்கணும்" என்றார்.

அதிலிருந்து வெறும் தராசு எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே தொண்ணூறு காட்டும். துண்டோடு குழந்தையை வைத்தால் குழந்தையின் எடை மட்டும் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர்கள் எடையும் எங்கள் எடையும் பத்து கிராம் வித்தியாசத்தில் நின்றன. நர்ஸ் பாராட்டினாள். முத்திரைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அப்போது மூன்று கிலோ தொள்ளாயிரம்.

இப்படியே கிராம் கிராமாக நாலு மாதம் தாண்டியது. நாலு கிலோ எழுநூறில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, குழந்தைக்குச் சளி. நாலு நாள் அவளை உடுப்பைக் கழற்றி எடை போடவே பயமாக இருந்தது, போடவில்லை. நான் சலவைக்கடையிலிருந்து வரும் வழியில் ஒரு டர்க்கி டவல் வாங்கி வந்தேன். நல்ல தடிமன், தலையை மூட ஒரு மூலையில் தொப்பி. பழைய துண்டு நைந்துபோயிருந்தது, குழந்தை குளிரில் நடுங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஐந்தாம் நாள் அந்த டவலில் சுற்றித் தராசில் வைத்தேன்.

நாலு கிலோ எண்ணூற்று ஐம்பது.

மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். திடீரென்று ஏறினால் அது நீராக இருக்கலாம், உடனே சொல்லுங்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பாதத்தை அமுக்கிப் பார்த்தோம், குழி விழவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டோம். வீக்கம் இல்லை, மூச்சும் பழையபடிதான் என்றால் சந்தோஷப்படுங்கள் என்றார்கள். முத்திரைக்காரர் பெட்டியைத் திறந்து ஐந்து கிலோ கல்லையும் தொண்ணூறு கிராம் சில்லறைக் கற்களையும் தராசில் வைத்தார். ஐந்து கிலோ என்று காட்டியது. முத்திரையைத் தடவிப் பார்த்தார். உடையவில்லை.

"தராசு சரியா இருக்கு" என்றார்.

அன்று தங்கை சிரித்தாள். அதோடு ஒரு முடிவும் எடுத்தாள். எட்டு வேளையில் ஒரு வேளையைக் குறைத்துவிட்டாள். "பாவம்க்கா, தூங்கற புள்ளைய எழுப்பி எழுப்பிக் குழாயில ஊத்தறோம். அதான் ஏறுதே" என்றாள். நானும் சரி என்றேன். எங்களுக்கும் தூக்கம் வேண்டியிருந்தது. அதை மறைப்பானேன்.

மூன்று வாரம் கழித்து, ஐந்தரை மாதத்தில், காலண்டரில் ஐந்து கிலோ இருபது என்று எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போனோம். முத்திரைக்காரர் அங்கிருந்து நேரே வேலைக்குப் போவதாக மரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

நர்ஸ் குழந்தையின் உடுப்பையெல்லாம் கழற்றி அவர்கள் தராசில் வெறுமனே கிடத்தினாள்.

நாலு கிலோ எண்ணூற்று அறுபது.

"வீட்டுல அஞ்சு இருபதுங்க" என்றாள் தங்கை.

நர்ஸ் மறுபடி வைத்தாள். அதே எண். "வீட்டுத் தராசெல்லாம் அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள்.

அந்தப் பேச்சு முத்திரைக்காரருக்கு எங்கேயோ பட்டுவிட்டது. முதல் தடவையாக அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். பெட்டியை நாற்காலியில் வைத்துத் திறந்தார். "கொஞ்சம் நகருங்க சிஸ்டர்" என்றார். நர்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நகர்ந்தாள். வரிசையில் குழந்தைகளோடு நின்ற தாய்மார்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மனிதர் ஆஸ்பத்திரித் தராசின் மட்டத்தைப் பார்த்தார். ஒரு கிலோ கல்லை வைத்தார், எடுத்தார். இரண்டு வைத்தார். ஐந்தை நடுவில் வைத்தார், நாலு மூலையிலும் நகர்த்தி வைத்தார். எங்கே வைத்தாலும் ஐந்து, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

கடைக்காரர்களிடம் சொல்லும் அதே குரலில், "உங்க தராசு சரியா இருக்கு" என்றார். கை தன் பழக்கத்தில் பெட்டிக்குள் ஈயத்தைத் தேடியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

என் தோளில் அந்த டவல் தொங்கிக்கொண்டிருந்தது. நூற்று அறுபது கிராம் எங்கே போயிற்று என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருடம் துணியை நிறுத்த எனக்கு, பழைய துண்டுக்கும் டர்க்கி டவலுக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று வாரமாகத் தோன்றவே இல்லை. தராசு என்றால் அது அவர் பாடு, சீல் வைத்திருக்கிறது, நாம் எதற்கு யோசிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

"தம்பி, துண்ட மாத்திட்டேன். மழையில. இது கனமான டவலு."

அவர் டவலை என் தோளிலிருந்து எடுத்தார். கையில் வைத்து ஒரே ஒரு தடவை அசைத்தார். "இருநூத்தம்பது" என்றார்.

தங்கை விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வேளைப் பால் என்று பிறகுதான் சொன்னாள். நாளுக்கு ஒன்றாக விட்டது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான்தான சீல் வச்சேன்" என்றார், அவ்வளவுதான். அந்தச் சாந்தத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்ததெல்லாம் அவர் மேல் திரும்பிவிட்டது. தப்பு என்னுடையது. கத்தியதும் நானேதான்.

"அஞ்சு மாசமா ஒரு தடவ தூக்கியிருந்தா உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கும்ல! ஊரான் வீட்டு உருளைக்கிழங்குக்கெல்லாம் எடை சொல்ற கை! பெத்த புள்ளையத் தூக்க மட்டும் கை வரலயா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் கற்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அதனதன் குழியில் வைத்தார். மூடினார்.

"தெரிஞ்சிடும்னுதான்க்கா தூக்கல" என்றார். "அன்னிக்குத் தூக்கினேன். மூணு வாரம் ஆச்சு, பொறந்த அன்னிக்கு இருந்ததவிடக் கம்மியா இருந்தா. சீட்டப் பாத்தா அது வெறும் நம்பர். கைல தெரிஞ்சா தாங்க முடியல."

டாக்டர் எங்களை அதட்டவில்லை. "மூணு வாரம் பாக்கலாம். நூத்தி நாப்பது கிராம்தான். அதுக்கு மேல காத்திருக்க மாட்டேன், வந்தாலும் வராட்டியும் பண்ணிடுவேன். வந்தா நமக்கு நல்லது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முத்திரைக்காரர் கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டி, உள்ளே கழித்து வைத்திருந்த தொண்ணூறை எடுத்துவிட்டார். ஈயம் மேசைக்கடியில் உருண்டது. அடுத்து தொட்டிலுக்குப் போனார். இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எண்ணூத்தி அம்பது" என்றார். காலையில் பார்த்ததற்குப் பத்து கிராம் குறைவு. அவள் நனைத்த டயபரை அப்போதுதான் கழற்றியிருந்தோம், உடுப்பு எதுவும் மாட்டவில்லை. கணக்கு சரிதான்.

எட்டு வேளை மறுபடி எட்டு வேளை ஆனது. ஒரு வேளை அவருடையது. தினமும் காலையில் முதலில் கை, பிறகு தராசு. கை சொல்லும்போது அவர் முகம் வெளுக்கும். சில நாள் இறங்கியிருக்கும். இறங்கியது என்று சொல்லிவிட்டுக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருப்பார். எண்ணூற்று எண்பது, எழுபது, தொள்ளாயிரத்து இருபது என்று காலண்டர் நகர்ந்தது. நாங்கள் யாரும் குதிக்கவில்லை. சந்தோஷப்படுகிற இடம் எங்கேயோ உள்ளே மரத்துக் கிடந்தது. எழுதினோம், பால் கொடுத்தோம், சிரிஞ்சைக் கழுவினோம்.

குழந்தை பிழைத்தாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைத் தவிக்க விட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது. மூன்று வயதாகிறது. நெஞ்சில் நீளமாக ஒரு தழும்பு. என் செருப்பை ஜன்னல் வழியாகத் தெருவில் போடுவதுதான் முழுநேர வேலை. ஆனால் எனக்கு ஆபரேஷன் நாள் என்றால் அவள் பிழைத்த நேரம் ஞாபகத்துக்கு வருவதில்லை. அதற்கு முன்னால், அவளை உள்ளே கொண்டுபோன காலைதான் வருகிறது.

கதவுக்கு வெளியே நர்ஸ் ஒரு தாளில் எழுதிக்கொண்டே கேட்டாள். "எடை?"

"அஞ்சு நாப்பது" என்றார் முத்திரைக்காரர், கையில் இருந்தவளைப் பார்க்காமல். வார்டில் எடுத்த எடை தாளில் ஏற்கெனவே இருந்தது. ஐந்து கிலோ முப்பத்தைந்து. நர்ஸ் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். தங்கை குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டாள். அவர் கொடுத்தார். கதவு மூடியது.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். தங்கை சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணைத் திறந்தபடியே இருந்தாள். முத்திரைக்காரர் மட்டும், குழந்தையை ஏந்தியிருந்த மாதிரியே இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். அரை மணி, ஒரு மணி ஆயிற்று.

"கையை இறக்குங்க தம்பி. வலிக்கும்."

"இன்னும் கனம் இருக்குக்கா" என்றார். "இறக்கினா போயிடும்."

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பையிலிருந்து அந்த டர்க்கி டவலை எடுத்தேன். காலையில் அவளைச் சுற்றிக் கொண்டுவந்த டவல், பால் வாசனை போகவில்லை. நாலாக மடித்து அவர் கைகளில் வைத்தேன்.

நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எடை சொல்லவில்லை.